சமோவார் பற்றி எழுதிய வாரம்

ஜூன் 11, புதன்

விடாத மழை. துணி காயவில்லை. சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் பேச வேண்டும்: பழைய ருஷ்ய நாவல்களில் வர்க்கமும் குடும்பச் சண்டையும். ரிட்டயரான டீச்சரை யார் சும்மா விடுகிறார்கள்?

குறிப்பு: மேஜையில் கொதிக்கும் சமோவார், ருஷ்யர்களின் தேநீர்ப் பாத்திரம். தேநீர் ஊற்றுவது யார், முதல் கோப்பை யாருக்கு, கதவோரம் நின்று குடிப்பவன் யார். 'நீ மட்டம்' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரமே சொல்லிவிடும். நல்ல வரி. கொஞ்சம் கர்வம்கூட.

ஆத்துக்காரர் இன்றும் மௌனம். விழிஞ்ஞத்து ஷிபுவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எங்கள் பெண் காயத்ரி சொல்லிப் பதினாறு நாள். "மீன் விக்கறவாளோட சம்பந்தமா?" அதோடு இவருக்கு வாய்ப்பூட்டு. பையனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்தவர். இவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெண் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

பால், காபிப் பொடி. பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கடைக்காரன்: "ஒந்நு மதியோ டீச்சரே?" ஒன்று போதுமாம். மூன்றாக வாங்கினேன்.

நாளை ஷிபுவின் அம்மா வருகிறார். இவரிடம் சொன்னேன். "வரட்டுமே." முகம் பேப்பருக்குப் பின்னால்.

ஜூன் 13, வெள்ளி

வந்தார். பெயர் மேரி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் காபி கலந்தேன். எங்களுக்கு டவரா டம்ளர். அவருக்குக் கண்ணாடி கிளாஸ், பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் என்று ஜன்னலில் தனியாக வைத்திருப்பது. கை தானாகப் போய் எடுத்தது. அவர் எதிரில் வைத்த பிறகுதான் காயத்ரியின் முகத்தைப் பார்த்தேன். செத்தேன்.

இவர் எழுந்தார். தன் டம்ளரை மேரியிடம் நகர்த்தினார். கிளாஸை எடுத்து வாய் வைத்தே குடித்தார். "நேக்கு இது போறும். கல்யாணத்தை எப்போ வெச்சுக்கலாம், நீங்களே சொல்லுங்கோ."

மேரி டம்ளரைக் கீழே வைத்தார். "ஓணம் கழிஞ்ஞு மதி. இப்போ வள்ளக்காரர்க்கு சீசனாணு, ஆரும் வரில்லா." ஓணம் கழியட்டும், இப்போது படகுக்காரர்களுக்கு மீன் சீசன், யாரும் வரமாட்டார்கள் என்கிறார்.

குளியலறையில் போய் அழுதேன். வெட்கம் கால், நிம்மதி முக்கால்.

ஜூன் 14, சனி

மழை இல்லை. கூட்டம் முப்பது பேர். பேச்சு பரவாயில்லை. முடிவில் ஒரு பெண்: "டீச்சரே, இவிடெ இப்போ அங்ஙனெயொந்நும் இல்லல்லோ?" இங்கே இப்போது அதெல்லாம் இல்லையே என்கிறாள்.

"உண்டு," என்றேன். "நேத்து என் வீட்டுல. பண்ணினது நான்தான்."

கடைசி வரிசையில் இவர் மட்டும் உரக்கச் சிரித்தார். பக்கத்தில் ஷிபு. இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்களாம்.