நகத்துக்கு ஒரு பி.சி.ஆர்.

அக். 7, செவ்வாய்

காலையில் வெயில், பின்னேரம் மழை. கண்டிக்குப் போய் வந்தது. தோல் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பெண். வலது கைப் பெருவிரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்து ஒரு வருஷம். பங்கஸ் என்று பாமசிக்காரன் தந்த களிம்பை டியூப் டியூபாகத் தேய்த்தும் குறைந்தபாடில்லை.

நகத்தை வெட்டி, அடியிலும் சுரண்டிப் போத்தலில் போட்டார்கள். கொழும்புக்குப் போகுமாம். பி.சி.ஆர்.

"பங்கஸ் கொஞ்சூண்டு கிடந்தாலும் இதில பிடிபடும்," என்றார் டொக்டர்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் வாப்பாவுக்கு அந்த டெஸ்ட்தான். பொசிட்டிவ். உயிர் போன பிறகு மையத்தைக்கூட அடக்க விடாமல் எரித்தார்கள். நகத்துக்கும் அதே டெஸ்ட்டா?

வாங்கியது: வெள்ளை நூல், கொக்கி, ராச் சாப்பாட்டுக்குப் பாண். ஓடர் எடுத்த கல்யாணச் சட்டைக்கு மணி தைக்க வேண்டும். ஊசி பிடிப்பது இந்த விரல்தான். என் பிழைப்பே அதில்தான்.

அக். 10, வெள்ளி

விடாத மழை. கரண்ட் இல்லை. மணி வேலை பாதி. நகத்தோரத் தோலும் கறுத்த மாதிரி. இவரிடம் காட்டினேன்.

"மருதோண்டிக் கறையாக்கும்."

மருதோண்டி வைத்து எத்தனை காலம். ஆம்பிளைகளுக்கு முகத்தில் கண் இருந்து என்ன.

துஆ ஒன்றே ஒன்று. நெகட்டிவ் வர வேண்டும்.

அக். 15, புதன்

மகள் சஹ்லா போனில் ரிப்போட் பார்த்தாள். "நெகட்டிவ் வந்தீக்கி உம்மா. பங்கஸ் இல்ல."

அல்ஹம்துலில்லாஹ். மகள் முன்னால் அழுதுவிட்டேன், வெட்கம். இவர் பள்ளிவாசலுக்குப் போன வழியெல்லாம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு இனிப்பாக வட்டிலப்பம்.

அக். 16, வியாழன்

இவரோடு டொக்டரிடம் சிரித்துக்கொண்டே போனேன். அவர் சிரிக்கவில்லை. நகத்தோரத் தோலை வெகுநேரம் பார்த்தார்.

"பங்கஸா இருந்தா நல்லம் எண்டுதான் நானும் நினைச்சனான். இது புற்றுநோயாவும் இருக்கலாம், அம்மா. நகத்துக்கு அடியில சதை எடுத்துப் பார்க்கோணும்."

"விரல்?"

"அதுவெண்டா, எடுக்க வேண்டி வரலாம்."

இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையை மேசையில் வைத்து, வெட்கம் கெட்டுக் கெஞ்சினேன்.

"இன்னொருக்கா செஞ்சு பாருங்களேன் டொக்டர். நகம் இன்னும் ஈக்கி. வெட்டுங்க. பொசிட்டிவ் வரும்."