ஈஸ்டர் கறியும் நான் சொல்லாத கைவலியும்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், மாதா மேல் ஆணை, ஒருவருக்கும் காட்ட வேண்டாம். முக்கியமாக என் அம்மாவுக்கு.

நைனா, அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் ஓமம் கொதிக்கிற வாசனை சுவர் தாண்டி வருகிறது. இன்று ஈஸ்டர். தவக்காலம் முழுக்கக் கறி தொடாத நம் சந்து, ஒரே பகலில் அத்தனையும் தின்றுவிட்டு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் போன ஈஸ்டர் சாயங்காலம் நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தபோது யாரும் பயப்படவில்லை. நான் சோடா வாங்க ஓடினேன்.

"இன்னா பாப்பா, ஒங்க நைனாவும் அவுட்டா? நாப்பது நாளு காஞ்ச வயிறு, கறியப் பாத்தா பேஜாரு பண்ணாதா?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சோடா குடித்தும் உனக்கு ஏப்பம் வரவில்லை. அம்மா கொடுத்த ஓமத்தண்ணீருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை. உன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. அம்மா அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாய்: "இடது கை இழுக்குதும்மா. அம்மாகிட்ட சொல்லாத. நல்ல நாளு அதுவுமா, தன் கறியத் திட்டிக்கினு கெடப்பா."

ஹார்பரில் மூட்டை தூக்குகிற கைதானே என்று நினைத்துக்கொண்டேன். விடிவதற்குள் நீ இல்லை.

"அஜீரணம்னா ஏப்பம் விட்டதும் கொஞ்சமாவது எறங்குமே. இப்படிச் சில்லுனு வேர்க்காதே. கை வலிக்குதுன்னாரா?" என்று காலையில் உன்னை வந்து பார்த்த டாக்டர் கேட்டார். இல்லை என்று அம்மா தலையாட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நான் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா கறிச்சட்டியை எடுப்பதில்லை. இன்றும் கஞ்சிதான். மத்தியானம் மீன்கார அத்தை கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். "என் கையால ஆக்கிப் போட்டுத்தானே அவர கொன்னேன், எடுத்துக்கினு போ" என்றாள் அம்மா.

"பைத்தியமா நீ? சந்தே துன்னுச்சு, ஒம் புருசன் மட்டுந்தான் போனானா?" என்று அத்தை கத்தினாள். அம்மா நம்பவில்லை.

நீ சொல்லாதே என்றது ஒரு ராத்திரிக்கா, எப்போதைக்குமா நைனா? சொன்னால், கறி உன்னைக் கொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நான் அப்போதே சொல்லியிருந்தால் உன்னை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பாளா?

இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யார் வயிறு சரியில்லை என்றாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஏப்பம் வந்ததா, வியர்க்கிறதா, கை வலிக்கிறதா என்று கேட்கிறேன். "வந்துட்டாங்கடி டாக்டரம்மா" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். என்னால் கேட்காமல் இருக்க—

கதவு தட்டுகிறது. "இன்னாடி, வெளக்க வச்சிக்கினு இன்னா பண்ற? தொற." அம்மாதான். நைனா, நான் சொல்லிவிடப் போகிறே—