என் காலைச் சொல்லி

மந்தாரக்குப்பம்,
புதன்கிழமை.

அன்பு மகள் தமிழ்மொழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உங்கள் கல்லூரியில் உன் துறை அருண்ராஜ் சொந்த வேலையாக நெய்வேலி வந்தவர், நேற்று என் மோட்டார் கடைக்கும் வந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். எதற்கு என்றேன். "மேடம் உங்க காலைப் பத்திச் சொன்னதும் கூட்டத்துல ஒருத்தரும் எதிர்த்துப் பேசலைங்க ஐயா" என்றார். எந்தக் கூட்டம், என் காலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

சுரங்கப் பொறியியல் பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிறீர்களாம். மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் சுரங்கத்துக்குப் போய்ப் பழகும் பயிற்சியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தது நீதானாம். இந்த வருடமே நடைமுறையாம். கல்லுடைக்கும் கிரஷர் பெல்ட்டில் காலை இழந்தவரின் மகள் நான் என்றாயாம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். வந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கித் தரக்கூடத் தோன்றவில்லை.

இந்தக் காலைச் சொல்லி நான் பஸ்ஸில் சீட் கூட வாங்கியதில்லை. நீ ஓட்டு வாங்கியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. அரியலூர்ப் பக்கத்துக் குவாரியில் சேர்ந்த அன்றே கான்ட்ராக்டர் என்னைப் பெல்ட்டுக்கு அனுப்பினான். பெல்ட் ஓரமாகவே ஒரு கயிறு போகும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது எதற்கென்று எனக்குச் சொன்னவர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்.

கயிற்றைத் திரையில் காட்டுவோம் என்பாய். காட்டு. அந்தச் சத்தத்திலும் தூசியிலும் அதைத் தேடிப் பிடிக்க எங்கே பழகுவார்கள்? ஐந்தாவதோடு நின்று, பழைய மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன் நான். தொடாமல் எதுவும் வராது.

சாப்பிடும்போதும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மாதான் நிறுத்தினாள். "எந்த வருசத்துப் புள்ளைங்களுக்கு நிறுத்துறா, நெனச்சிப் பாத்தீங்களா? நம்ம பேத்தி எந்த வருசம்?" என்றாள். உன் மகள் இசைப்பிரியாவும் அதே படிப்பில் மூன்றாம் ஆண்டு என்பதை நீ கூட்டத்தில் சொல்லவில்லையே அம்மா.

திங்கட்கிழமை கல்விக் குழுவில் தீர்மானம் உறுதியாகுமாம். அதற்குள் திரும்பப் பெறு. இல்லையென்றால் நானே வந்து அவர்கள் முன்னால் நிற்பேன். வீராப்பு என்று நினைக்காதே, வருவேன்.

பயிற்சி நெய்வேலியில்தானாம். பேத்தி இங்கேயே தங்கட்டும். நீயும் லீவு போட்டுவிட்டு வா. அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை நாம் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்திருப்போம். எனக்கும் பயமாகத்தான் இருக்கும்.

நல்லா இரு.

உன் அப்பா,
கலியன்.