வடதுருவத்தில் வாசல் எந்தப் பக்கம்?

இன்று மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். வாசற்படியில் நின்று செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார். முள் ஆடி நின்றதும் முகம் சுருங்கிவிட்டது. "தெக்குப் பாத்த வாசலா?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனிதர் வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போய்விட்டார். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கம்பத்தில் என் பெயின்ட் கடைக்கு எதிர்க்கடை உன் திராட்சைக் கமிஷன் கடை. வியாபாரத்தைவிட உலகத்தைப் பற்றித்தான் உனக்குக் கவலை அதிகம். "ஏ மாப்ள, மெளகு தேடிக் கப்பலேறுனவன் அமெரிக்காவுல போயி எறங்குனானே, நடுவுல ஒருத்தன்கிட்டயும் வழி கேக்கலயா?" என்பாய். நடுக்கடலில் யாரைக் கேட்பது என்றால், "அப்பக் கூடப் பொம்பளயாளு யாரும் போகல" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாய். அதுவரை உன் லோடு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும்.

என் மகளைப் பெண் பார்க்கக் கெங்குவார்பட்டியிலிருந்து வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பே வந்த இடங்கள் தட்டிப்போய், என் மனைவி சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தாள். இந்தப் பையனை மகளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. பையனின் அப்பாவோ வாசலைப் பார்த்தார், வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தார், பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தெக்கு வாசலு. எங்களுக்கு ஒத்து வராதுங்க. நாலரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள கெளம்புறோம்."

மூலையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நீதான் வாயைத் திறந்தாய்.

"அய்யா, ஒரு சந்தேகம். வடதுருவத்துல நட்டநடுவுல ஒருத்தன் வீடு கட்டுறான். அங்கன எந்தப் பக்கம் பாத்தாலும் தெக்குத்தான். வாசல எங்குட்டு வைப்பான்?"

எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். "எந்தப் பக்கமுமா? அதெப்படி?"

அவர்கள் கொண்டுவந்த தட்டிலிருந்தே ஒரு சாத்துக்குடியை எடுத்து, காம்பில் விரலை வைத்துக் காட்டினாய். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையில் வாசல் வைக்கலாமா என்று யோசித்தார். பனி கொட்டும் என்றாய். அப்புறம் அவரே, "அங்க ஆறு மாசம் பகலாமே, அப்ப ராகுகாலம் எம்புட்டு நேரம்?" என்று ஆரம்பித்தார். பகலை எட்டாகப் பிரித்து ஒரு பங்கு என்று நீ விரல்விட்டு எண்ணினாய்.

"மூணு வாரத்துக்கு மேல ஓடும்யா. பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு அம்புட்டு நாளும் சோறு போடணும்!"

மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் நாலரை தாண்டிவிட்டது. ராகுகாலத்தில் எப்படிக் கிளம்புவது? ஆறு மணி வரை எல்லோரும் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டோம். பஜ்ஜித் தட்டு அவர் பக்கம் திரும்பி வந்தது. பையனும் என் மகளும் கொல்லைப்புறத்தில் பேசிச் சிரிப்பது கூடம் வரை கேட்டது.

ஆறு மணிக்கு அவர் எழுந்து, "எங்க வாசலு கெழக்கு. பொண்ணு அங்கன வந்துட்டாச் சரியாப் போகும்," என்றார்.

அவர்கள் வண்டியேறியதும், நேரத்தைக் கடத்தத்தானே கேட்டாய் என்று உன் தோளைத் தட்டினேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நெசமாவே தெரியாமத்தான் மாப்ள கேட்டேன்!"

உத்தமபாளையம் மையவாடியில் உன்னை அடக்கம் செய்த அன்று சம்பந்தியும் வந்திருந்தார். உன் முகத்தை நீ தொழுகிற திசையான மேற்கே திருப்பி வைத்தார்கள். திரும்பி வரும்போது இருவரும் ஒரே காரில் வந்தோம். கம்பம் நெருங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தி, பாய் மேக்க பாத்துல்ல படுத்திருக்காக. பூமி உருண்டைதான? அவுக பார்வை நேரா போச்சுன்னா, சுத்தி வந்து நம்ம மேலதான விழுகும்?"

"விழும் சம்பந்தி," என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் காலையில் கடையைத் திறந்ததும் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். நீ மேற்கே பார்த்திருப்பதால், உன் பார்வை சுற்றி அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும்.