ஹங்கேரிக்காரிக்குக் கொடுத்த பூசைகள்

உன்னை அடக்கம் பண்ணிய பிறகு முதல்முறையாக இன்று காலை உன் மகன் வந்து, ஒரு மஞ்சப்பையைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்ததும் பாச்சா உருண்டை வாசனை. உள்ளே உன் பச்சைச் சுங்குடிச் சேலைக் கிழிசலில் சுற்றி, அந்த ஹங்கேரிக்காரப் பாடகியின் இசைத்தட்டு.

"அம்மா இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாக பெரியம்மா," என்றான். காப்பி குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "அம்மாவ ஒருக்கா ரேடியோவுல பாடக் கூப்புட்டு லெட்டர் வந்துச்சாம். அப்பா விடல. ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கூடவே இருந்தவளுக்குத் தெரியாது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?

இந்த இசைத்தட்டு, கான்வென்டில் இருந்த வெள்ளைக்கார சிஸ்டர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது உனக்குக் கொடுத்தது. அங்கே போட்டுக் கேட்ட அன்று, "என்னடி இது, யாரோ புடிச்சுக் கிள்ளுன மாதிரி கத்துறா," என்றேன். நீ என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, "இப்பக் கத்து பாப்போம், அவள மாதிரி வருதான்னு," என்றாய். நம் மாதா கோயில் பாடகர் குழுவில் நீ சோப்ரானோ, நான் ஆல்ட்டோ. உனக்கு மேல் குரல், எனக்குக் கீழ்க் குரல்.

அட்டையில் அவள் பேரைத் தவிர ஒரு எழுத்தும் நமக்குப் புரியவில்லை. கதையெல்லாம் சிஸ்டர் சொன்னார் என்றாய். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்து நடந்து வரும்போது துண்டு துண்டாக எனக்குச் சொன்னாய். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சின்ன வயதிலேயே கல்யாணம். புருசனுக்கு அவள் பாடுவது பிடிக்காது.

"அடுப்புல கத்தரிக்கா வெஞ்சனத்த வச்சுட்டு, கிண்டிக்கிட்டே பாடிப் பழகுவா."

"ஹங்கேரியில கத்தரிக்கா இருக்காடி?"

"எல்லா ஊர்லயும் இருக்கும். பேசாமக் கேளு."

ஒருநாள் பூ மார்க்கெட்டில் நிற்கும்போது சொன்னாய்: அவளைப் பெரிய ஓப்பராவில் பாடக் கூப்பிட்டுக் கடிதம் வந்ததாம். ஓப்பரா என்றால் வசனமே இல்லாமல் பாடியே நடிக்கும் நாடகம் என்று விளக்கமும் சொன்னாய். போனால் அப்படியே போய்விடு என்று புருசன் சொல்லிவிட்டானாம். "நீ அவளா இருந்தா என்னடி செய்வ?" என்று கேட்டாய். நான் மல்லிகையைக் கிளறிக்கொண்டே, "குடும்பத்த விட்டுட்டு அப்படி என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு? அடங்கி வீட்ல இருக்கச் சொல்லு," என்றேன். அன்று நீ பூ வாங்காமலே வந்தாய்.

அடுத்த சனிக்கிழமை நீ பயிற்சிக்கு வரவில்லை. தொண்டை சரியில்லை, இனிமேல் குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தபோது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "ஹங்கேரிக்காரி என்னடி ஆனா?" என்று.

"போகல. அந்த ஏக்கத்துலயே செத்துட்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வருடம், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாளுக்கு, அவள் பேரை வாசிக்கச் சொல்லி அவள் ஆன்மாவுக்கென்று பூசை கொடுத்தேன். பிறகு வருடம் தவறாமல் கொடுத்தேன். அவள் பேரை வாசிக்கும்போது, மாறி மாறி வந்த பாதர்கள் அத்தனை பேருக்கும் நாக்குச் சுற்றும். நீ பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாய். சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்திருக்கிறேன்.

மத்தியானம் என் மகள் அந்த அட்டையைப் போனில் படம் பிடித்தாள். போனே அதைத் தமிழாக்கிவிட்டது.

"டாக்டர் வீட்டுப் பொண்ணும்மா. சின்ன வயசுலயே மேடை ஏறிட்டாக. புடாபெஸ்ட்ல பெரிய ஓப்பராவுல கதாநாயகி. அப்பறம் வியன்னா, மிலன்னு ஊர் ஊராப் பாடிருக்காக." பிறகு எதையோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எம்பது வயசுக்கு மேல இருந்து, பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் செத்திருக்காக. புருசன் தடுத்தாருன்னு எங்கயுமே இல்லயேம்மா."

சிஸ்டர்தான் யாரையோ நினைத்து மாற்றிச் சொல்லிவிட்டாரா? ஆனால் தோல் ஷாப்பில் வேலை பார்த்தது உன் அப்பா. கத்தரிக்காய் வெஞ்சனம் உன் அடுப்பில் இருந்தது. கடிதம் வந்தது உனக்கு. அப்படியானால் மார்க்கெட்டில் என்னிடம் யோசனை கேட்டது யாருக்காக? நான் யாரை அடங்கி இருக்கச் சொன்னேன்?

உயிரோடு என் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற உனக்குத்தான் வருடாவருடம் செத்தவர்கள் பூசை கொடுத்தேனா? நீயும் அதற்கு ஆமென் சொன்னாயே, புள்ள. முந்தானைக்குள் நீ சிரித்தாயா அழுதாயா? நேராகக் கேட்டுத் தொலைத்திருக்கலாமே என்று உன் மேல் கோபம் வருகிறது. நேராகக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேனோ? நான் போ என்றிருந்தால் நீ போயிருப்பாயா? தெரியவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் மார்க்கெட் வாசலிலேயே வந்து நிற்கிறேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கல்லறைத் திருநாளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை என்னைப் பார்த்ததும், "எப்பவும் போல அந்த வெளிநாட்டம்மா பேருதானக்கா?" என்றார்.

"அவுகளுக்கு வேணாம்ப்பா. அவுக பாடி முடிச்சுட்டுத்தான் போயிருக்காக," என்று சொல்லி, உன் பேரைக் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பூசைக் காசை மேசையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது, நீ கடைசியாகக் குழுவில் பாடிய பாட்டு தானாக வாயில் வந்தது. எனக்குத் தெரிந்தது ஆல்ட்டோ மட்டும்தான். தனியாகக் கேட்டால் அது ஒரு பாட்டு மாதிரியே இருக்காது.

"என்ன பாட்டும்மா அது? ஒன்னும் புரியல," என்றாள் மகள்.

"மேல அவ பாடுனாத்தான் புரியும்," என்றேன்.