குசினிக் கதவால் தெரியாத முகங்கள்

அக்கா,

இன்று பின்னேரம் கௌசியைப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் இருந்து கூட்டிவந்தபோது அவளுடைய கையின் பின்புறத்தில் ஒரு நீல நட்சத்திரம் இருந்தது. அழாமல் இருந்த பிள்ளைகளுக்கு ரீச்சர் குத்திவிட்ட முத்திரை. லிஃப்ற்றுக்குள் ஏறியவர்களுக்கெல்லாம் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். வீட்டுக்குள் வந்ததும் நான் செய்த முதல் வேலை, அவளைத் தூக்கிச் சிங்குக்குப் பக்கத்தில் இருத்தி, சவர்க்காரம் போட்டு அந்தக் கையைத் தேய்த்ததுதான். "கழுவாதேங்கோ அம்மா, அது என்ரை" என்று கத்தினாள். நான் நிறுத்தவில்லை. தோல் சிவந்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

அழுது களைத்துப்போய் இப்போது தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் இருந்தால், "விடுகா, அது உன்னைவிட வடிவா மூச்சு விடுது" என்பீர்கள். நட்சத்திரம் முழுதாகப் போகவில்லை. அந்த மை அப்படித்தான். எனக்குத் தெரியும்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக்கு நாங்கள் வந்த முதற் குளிர்காலத்தில் கௌசிக்கு மூன்று மாதம். இவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ற் செய்துகொண்டிருந்தார். கம்பசில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கிய நான், பதினாறாம் மாடியில், யன்னல்களை எல்லாம் இறுக்கிப் பூட்டிவிட்டு, ஒரு கைக்குழந்தையோடு தனியே இருக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பிள்ளை நிறுத்தாமல் அழுதபோது, அதே மாடியில் குடியிருந்த நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள். "பிள்ளையக் கொஞ்சம் இஞ்ச தாகா." அந்தக் 'கா'வில் இருந்தே மட்டக்களப்பு என்று தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் தயக்கம் வந்தது. அதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை உங்கள் தோளில் அடங்கிப்போனது.

"இப்பிடியே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தாய் எண்டா பிள்ளைக்கும் பயம் பிடிச்சிரும். சனிக்கிழமையில என்னோட வேலைக்கு வா" என்றீர்கள்.

குயின் வீதிக் கிழக்கில், தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்கார் நிற்கிற இடத்தில் இருந்து நாலு கடை தள்ளி, அந்தப் பழைய மதுக்கடை. அங்கே நீங்கள் குசினியில் மீன் பொரிக்கிற வேலை. உருளைக்கிழங்குச் சாக்குகள் அடுக்கிய மூலையில் பிள்ளையின் தள்ளுவண்டியை விட்டுவிட்டு, எண்ணெய் தெறிக்குமோ, யாரும் தட்டிவிடுவார்களோ என்று நான் பத்து நிமிடத்துக்கொருக்கால் எழும்பிப் பார்த்துக்கொண்டு கிழங்கு தோல் சீவுவேன். இரண்டு மணியானதும் நீங்கள் அடுப்பைக் குறைப்பீர்கள். "இனிக் கதைக்காத. வாறானுகள்."

அரைக்கதவுக்கு அந்தப் பக்கம்தான் மேடை. ஐந்து கிழவர்கள். கிழவர்கள் என்று நான்தான் சொன்னேன். ஐம்பது தாண்டிய ஆட்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஒன்றாக வாசிக்கிறவர்கள். ஒரு காலத்தில் பெரிய மண்டபங்களில் சனத்தை நிற்கவைத்து வாசித்தார்களாம். இப்போது சனிக்கிழமைப் பின்னேரங்களில் இந்தக் கடையில், சில நாட்களில் பதினொரு பேருக்கு. பதினொரு பேரை நானே எண்ணியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு பேருக்கும் அவர்கள் வாசித்த விதம், ஆயிரம் பேருக்கு வாசிப்பதிலிருந்து ஒரு துளியும் குறைந்ததென்று என்னால் சொல்ல முடியாது.

சின்ன வயதில் வானொலியின் ஆங்கிலச் சேவையில் இந்த மாதிரிப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். வரி ஒன்றும் விளங்காது. மெட்டு முழுக்கப் பாடம். எனக்கு வரிகள் விளங்கும், மெட்டு பிடிபடாது. நான் வரியைச் சொல்ல நீங்கள் மெட்டைக் காட்ட, அப்படித்தான் இருவருமாகச் சேர்ந்து ஒரு பாட்டைக் கேட்டோம். "இது லொறி ஓட்டுற ஒருத்தன் வீட்டை போற பாட்டு" என்பேன். "போன கிழமையும் ஒருத்தன் வீட்டுக்குத்தானே போனான்" என்பீர்கள். "இது வேற ஆள் அக்கா." "எல்லாரும் போறானுகள். ஒருத்தனும் போய்ச் சேந்ததாக் காணலியே."

மேசைபோலப் படுக்கவைத்து, இரும்புக் கட்டையால் இழுத்து இழுத்து வாசிக்கிற அந்தக் கிற்றாரை முதன்முதல் கேட்டபோது எனக்குக் கை நின்றுவிட்டது. குழந்தை அழுது முடித்தபிறகு நீளமாக ஒரு மூச்சு விடுமே, அந்த மூச்சை யாரோ கம்பியில் கட்டிவைத்ததுபோல இருந்தது. கடைக்காரரிடம் இருந்த அவர்களுடைய பழைய இசைத்தட்டை ஒருநாள் போட்டுக் கேட்டோம். அதே பாட்டு, அதே ஆட்கள். நீங்கள் பாதியிலே கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். "இதுக்குள்ள பாட்டைப் படுக்கப்போட்டு வச்சிருக்கானுகள். எழும்பி நிண்டாத்தான் அது பாட்டு." அதைவிடச் சரியாக ஒரு விமர்சகர் எழுத முடியாது. ஒரே பாட்டை இரண்டு கிழமை ஒரே மாதிரி அவர்கள் வாசித்ததை நான் கேட்டதில்லை. ஒருநாள் பாடுகிறவருக்குக் குரல் அடைத்துப் போனது. பிடில்காரர் அந்த வரியைக் கொத்தி எடுத்துத் தான் முடித்துக் கொடுத்தார். இன்னொரு நாள் ஒரு கம்பி அறுந்தது. மற்ற நாலு பேரும் வேகத்தைக் குறைத்து, அவர் புதுக்கம்பி பூட்டுமட்டும் அதே இரண்டு வரியைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார்கள். படி ஏறமுடியாத ஒருவருக்காக எல்லோரும் படியிலேயே நிற்பதுபோல.

ஆனால் உங்களுக்கு ஒரு குறை இருந்தது. குசினிக் கதவால் பார்த்தால் அவர்களுடைய முதுகுதான் தெரியும்.

"மூணு வருசமா இவனுகள்ற முதுகையே பாத்துக்கிட்டு இருக்கன்" என்றீர்கள் ஒருநாள். "பொடிப் பிள்ளைகள் மாதிரித் தோள் ஆடுது. ஆனா வாசிக்கக்குள்ள முகம் என்னமாதிரி இருக்குமெண்டு தெரியாகா. வார சனி நீ முன்னால போய் மனிசர் மாதிரிக் கதிரையில இரு. பிள்ளைய நான் பாப்பன். பாத்துட்டு வந்து ஒண்ணும் விடாமச் சொல்லு."

நான் போனேன். நீங்கள் இழுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த சனி எப்போது வரும் என்று கிழமை முழுக்க எண்ணிக்கொண்டிருந்தவள் நான். வாசலில் நின்றவர் என் கையின் பின்புறத்தில் ஒரு முத்திரை குத்தினார். நீல மையில் சின்னச் சப்பாத்து, குதிரை ஓட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி. முன்வரிசையில் இருந்து இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். அவ்வளவு நேரமும் கௌசியை நான் ஒருதரம்கூட நினைக்கவில்லை, அக்கா. பிள்ளை பிறந்ததற்குப் பிறகு அப்படி ஒரு இரண்டு மணித்தியாலம் எனக்கு இருந்ததில்லை.

திரும்பி வரும்போது ஸ்ரீற்காரில் சனம். பிள்ளை சிணுங்கியது. "வீட்ட போய் ஆறுதலாச் சொல்லு" என்றீர்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. லிஃப்ற்றடியிலே செய்தி காத்திருந்தது. பதினோராம் மாடிச் சாந்தியின் தம்பி ஊரில் ஷெல் விழுந்து போய்விட்டான். அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். "நீ பிள்ளையோட போய் அதுக்குப் பக்கத்தில இரு. நான் சோறாக்கிக் கொண்டு வாறன்" என்று நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஓடினீர்கள்.

நான் போய்ச் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். சுற்றிவர எங்கள் ஆட்கள். எனக்கு எதிரே இவருடைய மாமி.

"உதென்ன பிள்ளை கையில?"

"ஒண்டுமில்லை மாமி."

"ஒண்டுமில்லையோ? உது குடிக்கிற கடையள்ல வாசல்ல குத்திற முத்திரையெல்லே. என்ரை மூத்தவன்ரை கையில நான் எத்தினைதரம் கண்டனான்."

எல்லோருடைய கண்ணும் என் கைக்கு வந்தது. சாந்தியின் கண்கூட. ஒரு செத்தவீட்டில், ஊரில் பிள்ளைகள் சாகிற நாளில், பாட்டுக் கேட்டுவிட்டு வந்தவள். நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை.

"நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான் மாமி. அந்த அக்கா விடேல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னாலை போயிட்டா. பிள்ளைக்குப் பின்னாலை நானும் போகவேண்டி வந்திட்டுது."

"மட்டக்களப்பு ஆக்களெல்லே" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "பாயில ஒட்டவைச்சால் பிறகு எழும்பேலாது."

போனவரை மந்திரம் போட்டுத் திரும்ப விடமாட்டார்கள் என்று யாழ்ப்பாணத்தார் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுகிற பழங்கேலி அது. செத்தவீடு என்றும் பாராமல் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வாயும் கொஞ்சம் இளித்தது. அந்த இளிப்போடு நிமிர்ந்தபோதுதான் உங்களைக் கண்டேன். கதவடியில், துணியால் பிடித்த பெரிய சட்டியோடு நின்றீர்கள்.

"சோறு கொண்டு வந்தன். மரக்கறிதான்." அவ்வளவுதான் சொன்னீர்கள். வைத்துவிட்டுப் போனீர்கள்.

அந்தச் சட்டியை ஒருவரும் திறக்கவில்லை. மாமி வீட்டில் இருந்து வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டார்கள். அடுத்தநாள் சோற்றைக் குப்பைக் குழாயில் கொட்டி, சட்டியை மினுக்கி, உங்கள் கதவைத் தட்டினேன்.

"எல்லாரும் சாப்பிட்டவை அக்கா."

"உப்புக் காணுமா இருந்திச்சா?"

"ஓம் அக்கா. அளவா இருந்தது."

சட்டியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தீர்கள். "அவசரத்தில நான் உப்பே போடலகா" என்றீர்கள். கோபமே இல்லாத குரல். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினீர்கள். அடித்துச் சாத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு கண்ட இடத்தில் சிரித்தீர்கள். பிள்ளையின் கன்னத்தைத் தடவினீர்கள். ஆனால் முகம் என்னமாதிரி இருந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவோம் என்று நான் இருந்தேன். பனி கரைந்ததும் தம்பியோடு பிறம்ரனுக்குப் போய்விட்டீர்கள், ஏதோ பண்டகசாலையில் வேலை என்று. போன் நம்பரை எழுதித் தந்தீர்கள். எத்தனையோ தரம் எடுத்து, கடைசி இலக்கம் சுழற்றமுதல் வைத்திருக்கிறேன். அடுத்த குளிர் தொடங்கமுதல் உங்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் பிறம்ரனுக்கு வந்தோம். மாமியும் வந்தார். சாப்பாட்டுக்கு இருக்கும்போது, "பாவம், நல்ல சீவன். அந்தக் கடைப் பழக்கம் மட்டும் இல்லாட்டி..." என்று இழுத்தார். கையில் பருப்புக் கறியோடு நின்ற நான் சொன்னேன்: "மாமி, அண்டைக்கு அவ என்னை இழுத்துக்கொண்டு போகேல்லை. நான் விரும்பித்தான் போனனான். அவ குசினிக்குள்ள என்ரை பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிண்டவ. நான் பொய் சொன்னனான்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது எப்பத்தைய கதை? பருப்பை இஞ்சாலை விடு பிள்ளை, சோறு காயுது."

அவ்வளவுதான், அக்கா. அத்தனை மாதம் தொண்டையில் நின்றது, ஒரு கரண்டிப் பருப்புக்குக் கூட இடைஞ்சலாக இருக்கவில்லை. எனக்கு யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் இறக்கிவைத்திருப்பேன்.

வெளிக்கிடும்போது உங்கள் தம்பி வாசலுக்கு வந்தார். "அக்கா உங்களப் பத்திக் கதைக்கிறவ. அந்தப் பிள்ளை எப்பயும் வந்தா ஒரு விசயம் கேக்கணும் எண்டு சொல்லிக்கிட்டு இருந்தவ. என்ன விசயமெண்டு எனக்குத் தெரியா." எனக்குத் தெரியும். குனிந்து சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கேளுங்கோ அக்கா, ஒன்றும் விடாமல் சொல்லுகிறேன்.

பாடுகிறவர் கண்ணை மூடுவதில்லை. மற்றப் பாடகர்களைப் போலச் சனத்தையும் பார்ப்பதில்லை. தூரத்தில் வருகிற பஸ் நம்முடையதுதானா என்று நம்பரை உற்றுப் பார்ப்போமே, அப்படிக் கடையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு பாடுகிறார். பிடில்காரர் நாடியை வாத்தியத்தில் வைத்ததும் நித்திரைப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார், கீழுதடு தொங்கிவிடுகிறது. மேளம் அடிக்கிறவர்தான் குறும்பர்: யார் பிழைவிட்டாலும் ஒற்றைப் புருவம் உயரும், உடனே தன் அடியை அந்தப் பிழைக்கு ஏற்ப மாற்றி, அது பிழையில்லை என்று ஆக்கிவிடுவார். தடித்த கம்பிக் கிற்றார் வாசிக்கிறவர் சுவிங்கம் சப்புகிறார், அதுவும் தாளத்துக்கு. இழுத்து வாசிக்கிறாரே, உங்களுக்குப் பிடித்தவர், அவர் சிரிப்பதே இல்லை. ஊசியில் நூல் கோக்கிற முகம். நூல் கோத்ததும் வருகிற ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறதே, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அது வந்து வந்து போகிறது. இருபது வருடமாக வாசித்த பாட்டில் அந்த மனிதர் இன்னும் ஆறுதல்பட்டுக்கொண்டிருக்கிறார். அதற்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் அன்றைக்கே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் அவர் கையை எடுக்காமல், கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, தலையைத் திருப்பிப் பின்னால் குசினிக் கதவைப் பார்த்தார். மற்ற நாலு பேரும் திரும்பினார்கள். ஏதோ ஒவ்வொரு சனியும் செய்கிற பழக்கம் போல, ஐந்து பேரும் அந்த அரைக்கதவைப் பார்த்துத் தலை வணங்கினார்கள். பாட்டு முடியமுதலே நீங்கள் அடுப்புக்குத் திரும்பிவிடுகிறபடியால் ஒருநாளும் கண்டிருக்கமாட்டீர்கள். அன்றைக்கும் கதவில் யாரும் இல்லை. நீங்கள் மூலையில் குனிந்து என் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

உங்களுக்கென்று வந்த அந்தத் தலைவணக்கத்தை நான் முன்வரிசையில் இருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.