மந்திரியின் முதுகு

மார்ச் 3, திங்கள்

வாசற்கதவின் தாழ்ப்பாளை என் கணவர் கழற்றி இன்றோடு ஐம்பத்தோரு நாள். "ஒரு ஸ்க்ரூதான் லூஸா இருக்கு, அரை மணி நேர வேலை" என்று சொல்லித்தான் கழற்றினார். அந்த அரை மணி நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவு சாத்தியிருப்பதுபோல் பாவனை செய்ய ஒரு பழைய செருப்பை மடித்துச் செருகிவைத்திருக்கிறோம்.

இந்த வீட்டில் தொடங்காத வேலையும் இல்லை, முடிந்த வேலையும் இல்லை. குளியலறைக் கதவில் பாதி நீலம், பாதி பழைய பச்சை. புத்தக அலமாரிக்குச் சட்டம் உண்டு, தட்டு கிடையாது. அதில் நாத்தனார் துணி காயப்போடுகிறார். அவர் பின்னுகிற ஸ்வெட்டருக்கு மூன்று வருடமாக ஒரே ஒரு கைதான். யாருக்கு என்று கேட்டால், "முடியட்டும், அப்புறம் யாருக்குப் பொருந்துதுன்னு பாப்போம்" என்கிறார். மகளின் கிடார் கட்டிலுக்கடியில் தூசி தின்கிறது. நான் மட்டும் என்ன யோக்கியம்? இது என் நான்காவது நாட்குறிப்பு. முந்தைய மூன்றும் ஜனவரி பாதியிலேயே மூச்சை விட்டுவிட்டன.

எடுத்த காரியத்தை விடாமல் செய்பவன் இந்த வீட்டில் ஒருவன்தான். மந்திரி. பத்து நாளாக ஓயாமல் சொறிகிறான். எங்கள் நாய்தான், உடம்பெல்லாம் வெள்ளை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் எழுந்து நிற்க வைப்பான் என்பதால் மகள் வைத்த பெயர்.

மார்ச் 4

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்தார். முழங்கால் வலியால் பதினான்கு வருடத்தில் இரண்டே முறைதான் ஏறி வந்திருக்கிறார். அவர் மாலையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார்.

"அவன் சொறியறப்போ கால் தரையில டக்கு டக்குன்னு அடிக்குது. என் பசங்க என் தாளத்தை விட்டுட்டு அவன் தாளத்துக்கு வாசிக்கிறாங்க. என்னால முடியலம்மா. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு அவனைக் குணப்படுத்துங்க, இல்ல எங்கயாவது அனுப்பிடுங்க."

"இல்லன்னா?" என்று கேட்டார் இவர். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் பார்த்து வாயைத் திறப்பதில் இவருக்கு நிகர் இவரேதான்.

"இல்லன்னா நீங்களும் அவன் கூடவே போங்க."

அனுப்புவது என்றால் இவருடைய தம்பியின் கோழிப்பண்ணைக்குத்தான். காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கே சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். மந்திரி பிறந்ததிலிருந்து சங்கிலியைப் பார்த்ததில்லை.

எனக்கு நாய் என்றாலே ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன் என்று மகள் பிறகு சொன்னாள்.

மார்ச் 5

குடும்பக் கூட்டம். சனிக்கிழமை டாக்டரிடம் காட்டுவது, அதுவரை யாரும் தன் கைவைத்தியத்தைக் காட்டக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம். நாத்தனார் கையைக்கூட உயர்த்தினார்.

மார்ச் 6

ஓட்ஸ் டப்பா காலி. எங்கள் வீட்டில் யாரும் ஓட்ஸ் சாப்பிடுவதில்லை. சாப்பிடப்போவதாக இவர் ஜனவரியில் வாங்கினார். குளியலறைத் தரையில் கஞ்சி. "என்னங்க, அரிப்புக்குன்னு மந்திரியை ஓட்ஸ்ல குளிப்பாட்டினீங்களா?" என்றேன். "நானா? சேச்சே." சட்டை முழங்கைவரை நனைந்திருக்கிறது.

இவர் தொடங்கிவைத்ததில் இருபத்து நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருப்பது எங்கள் கல்யாணம் ஒன்றுதான். அதையும் நான் முடித்துக்கொடுப்பேன் என்று நம்பித் தொடங்கியிருப்பார்.

மார்ச் 7

காலையில் மந்திரியின் மேல் வினிகர் நெடி. மகள் இணையத்தில் எதையோ பார்த்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் தலை பளபளவென்று மின்னியது, நடு வகிடு எடுக்காத குறைதான். தேங்காய் எண்ணெய். கூட்டத்தில் உயர்ந்த நாத்தனாரின் கைவேலை.

ஒருவருக்காவது பொறுமை உண்டா? சொன்ன சொல்லில் நிற்கிற ஆள் உண்டா?

(நான் கொஞ்சம் கற்றாழைதான் தடவினேன். அது செடி. அதை மருந்தில் சேர்க்க முடியாது.)

மார்ச் 8, சனி

டாக்டரம்மாவுக்கு என் மகளைவிட நான்கு வயது கூடுதலாக இருந்தால் அதிகம். பட்டத்தில் மை இன்னும் காய்ந்திருக்காது. மந்திரியின் முடியைப் பிரித்துப் பார்த்து, "உண்ணி கடிச்சிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். மாத்திரை எழுதினார். பிறகு கேட்டார்: "வீட்ல வேற ஏதாவது தடவுறீங்களா?"

"இல்லையே" என்றோம். நான்கு பேரும். ஒரே மூச்சில். சேர்ந்திசைக் குழு தோற்றது.

நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "தினம் ரெண்டு வேளை பல் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டால் மனிதர்கள் கண்ணை ஒரு கணம் அகலத் திறந்து, "ஆமாமே" என்பார்கள். அந்தக் கண்ணை ஆயிரம் முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். இன்று அதை நானே போட்டேன். எதிரில் இருந்த கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

மார்ச் 9

ஓட்ஸ் புதுப் பாக்கெட் வந்திருக்கிறது. பெரியது.

மார்ச் 11

மோசம். அடிவயிறு சிவந்து வெந்த மாதிரி இருக்கிறது. இரண்டு இடத்தில் முடி கொட்டி, தோல் ஈரமாகக் கசிகிறது. சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கிட்டே போனால் வாலை ஆட்டுகிறான். சனியனே, எதுக்குடா ஆட்டுற? உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினதே நாங்கதானேடா!

மார்ச் 12

டாக்டரம்மா மந்திரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "உண்ணி போயாச்சு. இப்ப இருக்கறது உண்ணி பண்ணினது இல்ல. என்ன போட்டீங்க, எந்தத் தேதியில போட்டீங்க, மறைக்காம சொல்லுங்க. இல்லன்னா நான் என்ன மருந்து குடுக்கறது?"

யாருக்கும் தேதி நினைவில்லை. இவர், "ஒரே ஒரு தடவை, புதன்கிழமையோ வியாழக்கிழமையோ" என்று ஆரம்பித்தார். எனக்கு மட்டும் எல்லாத் தேதியும் தெரியும். இந்த நாட்குறிப்பு கைப்பையில் இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்து, மருந்து சமாச்சாரத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தேன். இரண்டு வரி தாண்டியதும் டாக்டரம்மா கையை நீட்டினார். "குடுங்க, நானே பாத்துக்கறேன்."

படித்தார். தன் பட்டத்து மை காயாததைப் படித்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் இவர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆறாம் தேதியின் கல்யாண வரியைப் படித்துவிட்டார்.

"ஓட்ஸ், வினிகர், எண்ணெய், கற்றாழை. சரி. வாசனைப் பவுடர் யாரு போடுறது?"

"பவுடரா? யாரும் போடலையே" என்றோம். முதல் முறையாக நால்வரும் உண்மை பேசினோம். டாக்டரம்மா நம்பவில்லை. நாங்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

உத்தரவு: ஒரு களிம்பு, அதைத் தடவ ஒரே ஆள், அதாவது நான். மற்றபடி இரண்டு வாரத்துக்குக் குளியல், எண்ணெய், இலை, தழை எதுவும் கூடாது. "எதுவும் செய்யாம இருக்கறதுதான் மருந்து. முடியுமா உங்களால?"

வேலையைப் பாதியில் விடுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது, டாக்டர். ஆனால் இந்த ஒரு வேலையை மட்டும் ஏனோ எவராலும் விட முடியவில்லை.

மார்ச் 13

இவர் நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று சாப்பிட்டு எழும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் முடிக்கறதுக்குன்னு அதை ஆரம்பிக்கல."

எது என்று நான் கேட்கவில்லை. அவர் தட்டையும் நானே எடுத்துக் கழுவினேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16

வீடே காவல் நிலையம். நாத்தனார் ஸ்வெட்டரோடு மகளின் அறை வாசலில் உட்கார்ந்து அவள் வினிகரைத் தொடுகிறாளா என்று பார்க்கிறார். மகள் எண்ணெய் புட்டியில் பேனாவால் கோடு போட்டு அளவு வைத்திருக்கிறாள். "அத்தை, கோடு இறங்கியிருக்கே?" "என் தலையில தடவினேன்டி. மோந்து பாக்கறியா?" பார்த்தாள்.

இவர் என்னைக் கண்காணிக்கிறார். கற்றாழைத் தொட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். பேச்சு மட்டும் கொஞ்சம் வந்திருக்கிறது: "களிம்பு வச்சாச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான்.

மார்ச் 19

வயிறு ஆறுகிறது. முதுகு ஆறவில்லை. ஏன்?

மார்ச் 20

முதுகை முகர்ந்தேன். லாவெண்டர். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாசனையே கிடையாது. எல்லோருடைய அலமாரியையும் திறந்து பார்த்தேன். மகள் கோபித்துக்கொண்டாள். நாத்தனார், "திருடியா நானு?" என்று ஸ்வெட்டரைத் தூக்கி எறிந்தார். இவர் தன் பெட்டியைத் தானே திறந்து காட்டிவிட்டு, "உன் அலமாரியை யாரு பாக்கறது?" என்றார். நியாயம்தான். பார்க்கச் சொன்னேன். நாளைக்கு லீவு போட்டு உட்கார்ந்தே பார்த்துவிடுவது என்று முடிவு.

மார்ச் 21, வெள்ளி

மத்தியானம் இரண்டு மணி. இவர் பின்னறையில் ரம்பத்தோடு. நாத்தனார் தூக்கம். நான் சமையலறைக் கதவு இடுக்கில் துப்பறிகிறேன். மந்திரி எழுந்தான், சோம்பல் முறித்தான், மூக்கால் கதவைத் தள்ளினான். செருப்பு நகர்ந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு வேறென்ன செய்யும்? ஆபீசுக்குக் கிளம்புகிறவன்போல படி இறங்கினான்.

கீழ்வீட்டுக் கதவு அவனுக்காகத் திறந்தே இருந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டு விரித்திருந்தது. அதில் போய்ப் படுத்து, பழக்கப்பட்டவனாக முதுகைக் காட்டினான். வீட்டுக்காரம்மா வலிக்கிற முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். வெள்ளை நாயின் மேல் வெள்ளைப் பவுடர். எப்படித் தெரியும் எங்களுக்கு?

படியில் நின்றே கத்தி மாதிரி நான்கு வாக்கியம் தீட்டிவைத்துக்கொண்டு உள்ளே போனேன். டப்பா நாற்காலிக்கடியில் மறைந்தது.

"அம்மா, இவனுக்கு ஏதாவது தடவுறீங்களா?"

"இல்லையே." விரல் பத்திலும் பவுடர். அதே கண்.

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்: "ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, தினம் வர்றான். பாவமா இருந்துச்சு. உங்க வீட்ல யாரும் எதுவும் பண்ற மாதிரியே தெரியல."

சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கினேன்.

"அப்ப எதுக்கும்மா அனுப்பிடுங்கன்னு சொன்னீங்க?"

"அவன் அவஸ்தையைக் கண்ணால பாக்க முடியல. எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். என் பேச்சை எப்பதான் யாரு சரியாக் கேட்டீங்க?"

இருபத்தேழு வருடம் பிள்ளைகளைக் காது தீட்டச் சொன்னவர். எனக்குத்தான் காது இல்லை. கோழிப்பண்ணைச் சங்கிலியை அவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.

மேலே வந்து இவரிடம் சொன்னதும், "இன்னைக்கே தாழ்ப்பாளைப் போட்டுடறேன்" என்று திருப்புளியைத் தேடினார். "வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். என் வாயாலா சொன்னேன்!

"ஆறாம் தேதி எழுதினதை..." என்று ஆரம்பித்தேன். "விடு, எழுத்து நல்லா இருந்துச்சு" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன்.

மார்ச் 24

இவருடைய தம்பி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். இவர் யோசிப்பதற்குள் நான் போனைப் பிடுங்கி, "எங்க வீட்டு நாய்க்குக் கோழின்னா ஆகாது தம்பி" என்று வைத்துவிட்டேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு நாய் ஆகாது என்ற பேரும் அதோடு போயிற்று.

மார்ச் 27

முதுகும் ஆறுகிறது. கொட்டிய இடத்தில் குட்டிக் குட்டியாக முடி. ஐந்து பேர் தொடாமல் இருந்து சாதித்தது. அவனுக்கு அரிப்பு நின்று எங்களுக்குக் கையில் பிடித்துக்கொண்டது. எதையாவது தடவச் சொல்லிக் கை பரபரக்கிறது. ஒரு ஜீவனுக்கு நல்லது செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மார்ச் 31, திங்கள்

மாசக் கடைசி. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வேலையிலிருந்து வந்தபோது மந்திரி கூடத்தின் நடுவில் நான்கு காலையும் நீட்டிக் கிடந்தான். ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சொறியவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. வீட்டுக்காரம்மா.

"அவன் இன்னைக்கு வரலையே. என்ன பண்றான்?"

"தூங்கறாம்மா."

போனை வைக்காமலே அவர் பிள்ளைகளிடம் சொல்வது கேட்டது: "இன்னைக்கு மெதுவா வாசிங்கடா."